பத்து நாள் பேசாத போர்டு

எங்கள் பட்டறையில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இஷ்ரத் நோன்பு வைத்தாள், அதனால் போர்டுக்கு உயிர் வந்தது என்கிறான் ஒருத்தன். பெங்களூரிலிருந்து ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான் என்கிறான் இன்னொருத்தன். எவனும் வரவில்லை. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இங்கே கிடையாது. ஏனென்றால் தப்பு செய்தவன் நான்.

என் பெயர் வால்டர். ராயபுரத்துக்காரன். காலடிப்பேட்டையில் செங்கொடியம்மா நடத்தும் பட்டறையில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். கேஸ் கசிந்தால் மணியடிக்கும் பெட்டிகள் செய்கிறோம். ஐஸ் பேக்டரி, குளிர்கிடங்கு, மணலிப் பக்கத்துக் கிடங்குகள் என்று அறுபது எழுபது இடங்களில் எங்கள் பெட்டி சுவரில் தொங்குகிறது. பெட்டிக்குள்ளே ஒரு போர்டு, போர்டின் நடுவே ஒரு சிப்பு. பாகங்களைப் பற்றவைத்து, துடைத்து, வார்னிஷ் அடித்துத் தருவது என் வேலை. சிப்புக்குள் என்ன ஓட வேண்டும் என்று எழுதுவது இஷ்ரத்தின் வேலை.

இஷ்ரத் தண்டையார்பேட்டைக்காரி. அவளுடைய அத்தா எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போட்டவர். மகளை பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தார். பத்தொன்பது வயதில் எங்களிடம் பற்றவைக்கும் வேலைக்கு வந்தாள். என் பக்கத்து மேசை. வந்த முதல் நாளே என் போர்டு ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னா இது, ஈயம் இப்டி கலீஜா கீது?" என்றாள். பதினேழு வருஷம் ஆகிறது, அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் சொன்னது சரிதான், அது வேறு விஷயம்.

பற்றவைத்துக்கொண்டே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. தடி தடியான ஆங்கிலப் புத்தகத்தை விரித்துவைத்து விரல் ஓட்டிப் படிப்பாள். புரியாத இடம் வந்தால் எழுதியவனைத் திட்டுவாள். "எய்தி வச்சிக்கிறான் பாரு, அவனுக்கே புரிஞ்சிருக்காது" என்பாள். வேலை செய்யாத போர்டைப் பார்த்து, "இன்னாடா வோணும் உனக்கு?" என்று சத்தமாகவே கேட்பாள். சாயங்காலம் ஆறு அடித்தால் பையைத் தூக்கிவிடுவாள். விடிய விடியக் கண்விழித்து வேலை செய்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். ஆறு மணிக்கு மேல் எழுதும் ஒவ்வொரு வரியையும் மறுநாள் காலை அழிக்க வேண்டியிருக்கும் என்பது அவள் கணக்கு.

அவள் வீட்டுக்காரர் பஷீர். காசிமேட்டில் மனோகரன் நடத்தும் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். ஐஸை உறையவைப்பது அமோனியா. மூக்கைப் பிய்க்கும் நெடி. கொஞ்சம் கசிந்தால் கண் எரியும், நிறைய கசிந்தால் ஆள் காலி. அதனால் அந்த கம்ப்ரஸர் ரூமில் எங்கள் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. இஷ்ரத் எழுதிய பெட்டி.

போன நவம்பரில் மழை ஊற்றிய வாரம், கரெண்டு போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு தடவை முழுசாக வராமல் லோ வோல்டேஜில் வந்து, துடித்துத் துடித்து அப்புறம்தான் நிலைக்கு வந்தது. அந்தத் துடிப்பில் பெட்டிக்குள் இருந்த சிப்பு பாதி எழுந்து, அப்படியே திக்குமுக்காடி நின்றுவிட்டது. வெளியே பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. மறுநாள் காலை ஒரு வால்வு கசிந்தது. மணி அடிக்கவில்லை. பஷீர் உள்ளே இருந்தார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சு தேறிவிட்டது, மூக்கு தேறவில்லை. எந்த வாசனையும் தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பாராம். இதை அவர் மனோகரனிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்ப்ரஸர் ரூமுக்குள் விடமாட்டாரே. இருபது வருஷமாக வேறு வேலை தெரியாத மனுஷன். உடம்பு தேறட்டும், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த மறுநாள், இஷ்ரத் அந்தப் பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள்.

"நான் எய்தினது அண்ணே. என் வூட்டுக்காரரயே துன்னப் பாத்துச்சு" என்றாள்.

நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

மற்ற இடங்களில் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் செங்கொடியம்மா அன்றே ஆள் அனுப்பினார். ஒவ்வொரு தடவை கரெண்டு போய் வந்த பிறகும் பெட்டியை அணைத்துப் போட்டு, மணியை அடித்துப் பார்க்க வேண்டும் என்று பெட்டிக்குப் பெட்டி அட்டை ஒட்டப்பட்டது. மனோகரனின் பெட்டியில் அமோனியா பட்டு போர்டே வெந்துபோயிருந்தது. அதே மாதிரி இன்னொன்று செய்யலாமென்றால், அந்தச் சிப்பைச் செய்கிறவன் செய்வதையே நிறுத்திவிட்டான். வேறு கம்பெனிப் பெட்டிக்குச் சொன்னால் எப்போது வரும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே புது சிப்பு, புது போர்டு, எல்லாம் முதலிலிருந்து என்று முடிவானது.

இங்கே பூட்லோடர் என்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும். கரெண்டு வந்த நொடியில் சிப்பு தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தை மாதிரி முழிக்கும். தனக்கு எவ்வளவு மெமரி இருக்கிறது, எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்தக் கம்பி வழியாகப் பேச வேண்டும், செய்ய வேண்டிய வேலை எங்கே எழுதி வைத்திருக்கிறது, எதுவும் அதற்குத் தெரியாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அதை எழுப்பி உட்காரவைக்கும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்த பூட்லோடரைத்தான் நாங்களும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்கு எங்கள் புது சிப்பையும் தெரியாது, எங்கள் போர்டையும் தெரியாது. அறிமுகம் செய்துவைக்க வேண்டியது இஷ்ரத். நவம்பரில் நடந்தது மாதிரி பாதியில் நின்றுபோனால் தானே தட்டி எழுப்பிக்கொள்ளும் ஏற்பாடும் அதற்குள்தான் வர வேண்டும்.

ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. போட்டெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன, அதுவரை பெட்டி இல்லாமலே ஓட்டிய பேக்டரியை மனோகரனும் நிறுத்திவிட்டு மராமத்துப் பார்த்தார். மே மாதம் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்.

"ஜூன் பதினாலோட தடை முடியுது. ஐஸு வோணும்னு இப்பவே உசுர வாங்கறானுங்க. ஒம்பதாந்தேதி மிஷின் போட்டே ஆவணும். உங்க பொட்டி வந்தாலும் சரி, வராங்காட்டியும் சரி" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இன்னா இப்போ, நம்பளுக்கு மூக்கு இல்லியா?" என்றார்.

இஷ்ரத் சிரிக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என்ன விஷயம் என்று கேட்டேன். மூக்கு போன கதையை அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

"அவரு போவத்தான் போறாரு அண்ணே. நான் சொன்னா கேக்கற ஜென்மமா அது? வூட்ல குந்திகினு சொவத்த பாத்துகினு கெடக்க முடியாதுன்றாரு. ஒம்பதாந்தேதிக்குள்ள இந்தப் பொட்டி அங்க மாட்டிடணும். இல்லன்னா கசிஞ்சா கூட தெரியாம உள்ளயே நிப்பாரு."

"மனோகரன்கிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானம்மா?" என்றேன்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு" என்றாள். எனக்கு பஷீர்மேல் வந்த கோபத்துக்கு, அவர் எதிரே இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் இல்லை, அதனால் இஷ்ரத்தைத் திட்டினேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

சிப்பு செய்கிறவன் மாதிரிக்கு ஒரு போர்டு அனுப்பியிருந்தான். அதில் அவள் எழுதிய பூட்லோடர் மே நடுவிலேயே ஓடியது. கம்பியை லேப்டாப்பில் செருகினால் திரையில் வரி வரியாகப் பேசும். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். மே இருபதாம் தேதி வாக்கில் எங்கள் சொந்த போர்டுகள் மூன்று அச்சாகி வந்தன. பாகங்களைப் பற்றவைத்து, துடைத்து, வார்னிஷ் அடித்து இருபத்திரண்டாம் தேதி காலையில் அவள் கையில் கொடுத்தேன்.

வார்னிஷ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்று சாதாரணக் காற்று கிடையாது. கடல் உப்பு ஒரு பக்கம், எண்ணூரிலிருந்து வரும் சாம்பல் ஒரு பக்கம். வெறும் போர்டை மேசையில் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள், செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். அதனால் பற்றவைத்த போர்டு ஒரு ராத்திரிகூட வெறும் உடம்போடு தங்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். செங்கொடியம்மாவே மீற முடியாது. பிளக் மாட்டும் இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் ஒரு கோட்டு அடித்துவிடுவேன். வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவனெல்லாம் வார்னிஷ் அடிப்பான். அவன் வந்து எங்கள் காற்றை ஒரு மாதம் குடித்துப் பார்க்கட்டும்.

இஷ்ரத் முதல் போர்டில் கரெண்டு கொடுத்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது போர்டு, மூன்றாவது போர்டு, அதுவும் ஊமை.

வோல்டேஜை அளந்தாள், எல்லாம் சரியாக இருந்தது. பூட்லோடரைக் குறைத்துக் குறைத்து, ஒரே ஒரு எழுத்தைத் திரைக்கு அனுப்புவதைத் தவிர வேறு எதையும் செய்யாத அளவுக்குக் கொண்டுவந்தாள். அந்த ஒரு எழுத்தும் வரவில்லை.

மூன்றாம் நாள் மெதுவாக என்னிடம் வந்தாள். "அண்ணே, பத்தவச்சதுல எதனா..."

நான் முடிக்க விடவில்லை. "இருவத்தி மூணு வருசமா என் போர்டு ஒண்ணு திரும்பி வந்துக்குதா? வந்துக்குதான்னு கேக்கறேன். எய்தத் தெரியாதவ பத்தவச்சவன கொற சொல்றியா?" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு போர்டை வாங்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"மூணு போர்டும் ஒரே மாதிரி கெட்டுப் போவுமா? ஆவாது. அப்ப தப்பு நான் எய்தினதுல தான் கீது" என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். யோசித்துப் பாருங்கள், நியாயமான பேச்சுதானே? எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். ஆறாம் நாள் போர்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு பேஜாராக இருந்தது. எட்டாம் நாள் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். செங்கொடியம்மா அவள் மேசைக்கு வந்து, வேறு யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டார். "காட்டுங்கக்கா. எனக்கு மூள அவ்ளோதான் போல" என்றாள். பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பத்தாவது வேலை நாள், ஜூன் இரண்டு, திங்கட்கிழமை. நான் அவள் மேசையைத் தாண்டிப் போனேன். அவள் யோசனையில் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த குட்டி ஸ்விட்ச்சின் நெம்பை நகத்தால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். சிப்பு தன் முதல் வரியை எங்கிருந்து எடுக்க வேண்டும், அவள் எழுதியதை ஏற்றிச் செருகும் மெமரி கார்டிலிருந்தா வேறு இடத்திலிருந்தா என்று சொல்லும் ஸ்விட்ச் அது. பழைய போர்டில் அப்படி ஒன்று கிடையாது, இந்தப் புது போர்டுக்குத்தான் வைத்திருந்தாள். நெம்பு டிக் டிக்கென்று நகரவில்லை. மெத்து மெத்தென்று நகர்ந்தது.

"இஷ்ரத்து, அத்த இப்டி குடு."

"எதுக்குண்ணே?"

"குடும்மான்னா குடேன்."

வாங்கித் தள்ளிப் பார்த்தேன். அந்த மெத்தென்ற நகர்வு எனக்குத் தெரியும். உள்ளே வார்னிஷ் இறங்கிக் காய்ந்திருந்தால் அப்படித்தான் நகரும். பிளக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டிய நான், இந்தக் குட்டி ஸ்விட்ச்சை ஏதோ ஒரு பாகம் என்று நினைத்து அதன்மேலேயே அடித்திருக்கிறேன். மூன்று போர்டிலும் அடித்திருக்கிறேன். நெம்பு கார்டுப் பக்கம் நிற்கும், உள்ளே தகடு தகட்டைத் தொடாது. சிப்பு அவள் எழுதியதைப் படிக்கவே இல்லை. பத்து நாளாக அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

போர்டை அவளிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டேன். ஆமாம், போய்விட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தியவன் நான். அவள் கவனிக்காதபோது வார்னிஷைக் கரைக்கும் தின்னரை ஊற்றிக் கழுவி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். டீ ஆறும் வரை அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்தால், தன் மூளை அவ்வளவுதான் என்று அவள் காலத்துக்கும் நம்பிக்கொண்டிருப்பாளே என்றும் தோன்றியது. டீயைக் கீழே ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பட்டறை நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "உன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் கவுத்துட்டேன். அந்த சுச்சி மேல வார்னிஷ் அட்ச்சிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், நெம்பை ஒரு தடவை தள்ளினாள்.

"ஓட்டியே பாக்காத போர்டுக்கா வார்னிஷ் அட்ச்சீங்க?"

"நம்ம வயக்கம்தானம்மா அது."

"வயக்கமா? வயக்கத்துல கொள்ளிய வைக்க! பத்து நாளு அண்ணே! பத்து நாளா நான் ஒண்ணுத்துக்கும் ஆவாதவன்னு நெனச்சிகினு வூட்டுக்குப் போறேன், நெனச்சிகினு வரேன்!" கத்திக்கொண்டே இருந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நின்னுகினு இன்னா பாக்கறீங்க, கம்பி வச்சி பத்தவைங்க" என்றாள்.

ஸ்விட்ச்சின் இரண்டு காலையும் சேர்த்து ஒரு சின்னக் கம்பி பற்றவைத்தேன். அவசர வேலை. ஈயம் கலீஜாகத்தான் இருந்திருக்கும், அவள் எதுவும் சொல்லவில்லை. கார்டில் முழு பூட்லோடரையும் ஏற்றிச் செருகினாள். கரெண்டு கொடுத்தாள்.

திரையில் எழுத்து வந்தது. வரி வரியாக வந்தது. சிப்பின் பெயர் வந்தது. அடுத்த வரியில் போர்டின் பெயர். பூட்லோடருக்குள் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம், அவள் காசிமேடு என்று வைத்திருந்தாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் செங்கொடியம்மா சந்தோஷத்தில் ஓவென்று கத்தினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்புறம் மெமரியைப் பாதிதான் காட்டிவிட்டு நின்றுபோனது. நான் பயந்துவிட்டேன். இஷ்ரத் முகத்திலோ இத்தனை நாள் பார்க்காத வெளிச்சம்.

"இது என் தப்பு அண்ணே. இது பேசுது பாருங்க, எங்க வலிக்குதுன்னு சொல்லுது. இத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு டப்பாவைக் காலி செய்தாள். என் டப்பாவில் இருந்த மீன் வறுவலையும் காலி செய்தாள்.

புதன்கிழமை எல்லாம் ஓடியது. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனோம். மறுநாள் பக்ரீத், அதற்கு முந்தின நாள் நோன்பு என்று அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தாள். அந்த நோன்பைத்தான் இப்போது கதையாக்கிவிட்டார்கள். போர்டு பேசியது திங்கட்கிழமை, நோன்பு வெள்ளிக்கிழமை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பேச வேண்டாமா?

பெட்டியைக் கம்ப்ரஸர் ரூம் சுவரில் மாட்டினோம். இஷ்ரத் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு அணைத்தாள், போட்டாள். பெட்டி தானாக எழுந்து ஒரு பீப் கொடுத்தது. மறுபடி அணைத்தாள், போட்டாள். வேண்டுமென்றே கையை நடுக்கி நடுக்கி அரைகுறையாகப் போட்டாள். முப்பது தடவை. மனோகரன் பொறுமையிழந்து, "மா, சுச்சி தேஞ்சிடும்மா" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. முப்பது தடவையும் பெட்டி எழுந்தது.

அடுத்து பஷீர் ஒரு பஞ்சில் அமோனியாத் தண்ணீரை நனைத்து, பெட்டியின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். நாலு நொடிகூட ஆகவில்லை, மணி அலறியது. நெடி தாங்காமல் நான் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மனோகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார். இஷ்ரத்தும் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். பஷீர் மட்டும் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, மூஞ்சிக்கு நேராகப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, மணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

மனோகரன் வாசலில் நின்று அதைப் பார்த்தார். மனோகரனுக்குப் புரிந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. இஷ்ரத் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஷீரு, பஞ்ச வெளிய போட்டுட்டு வா" என்றார் மனோகரன். பஷீர் வந்தார். "எப்பலேர்ந்து?"

பஷீர் தலையைக் குனிந்துகொண்டு, "நவம்பர்லேர்ந்து சார்" என்றார்.

மனோகரன் கொஞ்ச நேரம் கப்பல்காரன் பாஷையில் திட்டினார், அதை நான் எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டு, "நீ இனிமே தனியா உள்ள போவக் கூடாது. கூட ஒரு ஆளு இருப்பான். வால்டரு, கேட்டாண்ட இன்னொரு மணி மாட்டுங்க, எனக்கும் கேக்கணும்" என்றார். வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நெடி போனதாலா இதனாலா என்று கேட்காதீர்கள்.

ஒன்பதாம் தேதி மிஷின் ஓடியது, பதினாலு முடிந்ததும் போட்டெல்லாம் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போயின. மற்ற இடங்களுக்கும் புது பெட்டி செய்யும் வேலையில் நாங்கள் மூழ்கிவிட்டோம்.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். வடசென்னை முழுக்கக் கரெண்டு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு வந்தது. எங்கள் பட்டறையிலும் விளக்கு போய் வந்தது. இஷ்ரத் தலையைத் தூக்கி ஒரு தடவை ட்யூப்லைட்டைப் பார்த்தாள், மறுபடி வேலையைத் தொடர்ந்தாள். கால் மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது. பஷீர் என்று திரையில் பார்த்தேன். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிற ஆளே இல்லை.

காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, மணிதான் கேட்டது. எங்கள் பெட்டியின் மணி, பக்கத்து மேசையில் இருந்த எனக்கே கேட்டது. இஷ்ரத் எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க? ஏங்க?" என்று கேட்டாள். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

மணிச் சத்தத்துக்கு நடுவில் பஷீர் இருமினார். பிறகு பேசினார். "இஷ்ரத்து, கேக்குதா? கரெண்டு போயி வந்துச்சு, அப்பால கொஞ்ச நேரத்துல கத்த ஆரம்பிச்சிட்சி. எனக்கு ஒண்ணுமே தெரியலமே, சத்தியமா ஒண்ணுமே தெரியல. கூட இருந்தவன் அப்பதான் டூல்ஸு எடுக்க வெளிய போனான். மணி அட்ச்சதும் வெளிய கீற மெயின் வால்வ மூடச் சொல்லி அவனுக்குக் கத்திட்டு ஓடியாந்துட்டேன். கேட்டாண்ட நின்னுகினு கீறேன். வெயிலா கீது இங்க."

இஷ்ரத் போனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தினி பேரு வெளிய வந்தீங்க?" என்றாள்.

"எல்லாரும்" என்றார் பஷீர்.